பிறர் நிரலில் நம் சொல்

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அண்மையில், பெரிய குளம் ஒன்றின் வளத்தில் வாழும் இலத்தூரைப் பற்றிப் பழைய விஷயம் அறிந்தவர்கள் பேச நேர்ந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவனந்தபுரம் சென்று, கேரளவர்மா வலிய கோயித்தம்புரானுக்குச் சமஸ்கிருத ஆசிரியராய் விளங்கிய இலத்தூர் இராமசாமி சாஸ்திரிகளின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். வீட்டில் தமிழ், வித்வத் சபையில் சமஸ்கிருதம், சர்க்கார் காரியத்தில் மலையாளமும் ஆங்கிலமும் என்று மூன்று தினுசாக வாழப் பழகியது இந்தச் செங்கோட்டைச் சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் மசோதா சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. கச்சேரிக் கட்டடம் அதேதான், மேசையும் பேரேடும் அவைதாம், வரி வசூலிக்கும் முறையிலும் பெரிய பேதமில்லை. பத்திரத்தின் தலைப்பிலும் பலகையிலும் இருந்த சொற்கள் மட்டும் மெல்ல மெல்ல வேறாயின. ஓர் ஏற்பாட்டின் உள் இயக்கத்தைத் தொடாமல் அதன் முகத்தில் எழுதியுள்ள சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா என்னும் கேள்விக்கு, ஆட்சித் துறையில் இப்பகுதி ஜனங்கள் கண்ட பதில் அது. அதே கேள்வி பின்னர் கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்தைப் பற்றியும் எழுந்தது. அங்கே பதில் கிடைப்பதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதோடு, கிடைத்த விதமும் விசித்திரமானது.

யந்திரத்தின் திரையில் மேல்வரிசையில் சில சொற்கள் நிற்பதும், ஒன்றைத் தொட்டால் அதன் கீழே ஒரு பட்டி விரிந்து, திற, சேமி, அச்சிடு, வெளியேறு என்று கட்டளைகள் வரிசையாகத் தொங்குவதும் இன்று குழந்தைகளுக்கும் பழக்கமான காட்சி. இதை மெனு என்றே ஜனங்கள் சொல்லுகிறார்கள். ஆதியில் நிரல் எழுதினவர்கள் இந்தச் சொற்களை நிரலின் உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் மூல நிரலைத் திருத்தி, முழுவதையும் மறுபடி யந்திர பாஷைக்கு மாற்றியாக வேண்டும். மூல நிரலோ அதன் சொந்தக்காரர்களின் பெட்டியை விட்டு வெளியே வராது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தார் மெக்கின்டாஷ் யந்திரத்தை வெளியிட்டபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான புரூஸ் ஹார்ன், மெனுச் சொற்களையும் சித்திரங்களையும் அறிவிப்பு வாசகங்களையும் நிரலின் இயக்கப் பகுதியிலிருந்து பிரித்துத் தனிக் களஞ்சியமாக வைக்கும் ஒரு முறையை வகுத்தார். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் நிரலின் உட்புறத்தைப் பாராமலே, ரெஸ்எடிட் என்னும் சிறு கருவியைக் கொண்டு அந்தக் களஞ்சியத்தைத் திறந்து தங்கள் பாஷையில் சொற்களை எழுதிக்கொள்ள அது வழி செய்தது. மறு வருஷம் வந்த விண்டோஸிலும் இதே போன்ற பிரிவினை இருந்தது. சரித்திர ஆசிரியர்கள் இந்த யந்திரங்களின் சித்திர அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சொல்லை இயக்கத்திலிருந்து பிரித்துவைத்த இந்த எளிய ஏற்பாட்டைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், இங்கிலீஷ் அல்லாத பாஷைகளைப் பேசும் கோடிக்கணக்கான ஜனங்களுக்குச் சித்திரத்தைக் காட்டிலும் இந்தப் பிரிவினையே பெரிய உபகாரம்.

நம் தேசத்தில் முதல் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மோகன் தாம்பே முதலியோர் தொடங்கி, பின்னர் 1988-இல் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை என்பது, யந்திரத்துக்குள் செருகப்படும் ஒரு மின் பலகை. டாஸ் காலத்து ஆங்கில நிரல்கள் திரைக்கு அனுப்பும் எழுத்துக்களை அது நடுவழியில் வாங்கி, இந்திய லிபிகளாகத் தீட்டிக் காட்டியது. கணக்கு எழுதும் நிரலுக்கோ பெயர்ப் பட்டியல் வைக்கும் நிரலுக்கோ தான் கையாளுவது தமிழ் என்பதே தெரியாது. அது ஏதோ எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும், திரையில் தமிழ் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் பிறர் நிரலின் முகத்தை வெளியிலிருந்து மாற்றும் வித்தையில் இதுவே இந்தியாவின் மூத்த உதாரணங்களில் ஒன்று. ஆனால் அட்டை விலை மிக்கது. அரசாங்க அலுவலகங்களைத் தாண்டி அது வீடுகளுக்குள் வரவில்லை.

இதே காலத்தில் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. கனடாவில் ஸ்ரீநிவாசன் ஆதமி என்னும் எழுது நிரலை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு நிரலைத் தொடங்கினார். ஸ்விட்ஸர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் ஏற்பாட்டைச் செய்ததோடு, 1997-இல் தமிழ் இணையத்தைப் பற்றிய முதல் மாநாட்டையும் அங்கே கூட்டினார். இவர்கள் பிரயாசையால் தமிழில் எழுதலாம், அச்சிடலாம், கடிதம் அனுப்பலாம் என்றாயிற்று. எனினும் பிறர் செய்த நிரல்களின் மெனு ஆங்கிலமாகவே நின்றது. எழுத்துரு ஒன்றைக் கொண்டு அதையும் தமிழாக்கிவிடலாம் என்று எண்ணிய ஆசாமிகள் உண்டு. விண்டோஸின் தோற்ற அமைப்பில் மெனுவுக்குரிய எழுத்துருவை மாற்ற இடமிருந்தது; அங்கே தமிழ் எழுத்துருவைப் போட்டவர்கள், ஆங்கிலச் சொற்களெல்லாம் அர்த்தமற்ற தமிழ் எழுத்துக்களாய்ச் சிதறி, திரும்பிப் போகும் வழியையும் படிக்க முடியாமல் திண்டாடினார்கள். காரணம் சிக்கலானதல்ல: அக்காலத்துப் பல தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையிலேயே தமிழ் எழுத்தை உட்கார வைத்திருந்தன. கீழ்ப்பாதி 128 இடங்களை ரோமன் லிபிக்கே விட்டுவிட்டு மேற்பாதியில் தமிழை அமைத்த டிஸ்கி என்னும் குறியேற்றமும், 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் முதலியோரின் முயற்சியால் முடிவான டாம், டாப் என்னும் இரண்டில் பின்னதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தன. ஒரே வரியில் இரண்டு லிபியும் நிற்கலாயின. மெனுவில் தமிழ் ஏறுவதற்கு முன் இந்த இருக்கைப் பிரச்சினை தீர வேண்டியிருந்தது.

விண்டோஸில் வேறொரு சூட்சுமமும் இருந்தது. அங்கே மெனு என்பது நிரலின் அந்தரங்கச் சொத்து அன்று; இயக்க முறைமை அதற்கு ஓர் எண் கொடுத்துத் தன் பொறுப்பில் வைத்திருக்கும். ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் சாளரத்தை அதன் தலைப்பைக் கொண்டு வேறொரு நிரல் தேடிக் கண்டுபிடித்து, அதன் மெனுவின் எண்ணைக் கேட்டு வாங்கி, இத்தனையாவது வரியில் உள்ள வாசகத்தை இவ்வாறு மாற்று என்று சொல்லிவிடலாம். நோட்பேட் என்னும் சிறு நிரலை வைத்துக்கொண்டு விஷுவல் பேசிக் பயின்ற மாணவர்கள் இதைப் பரீட்சை பார்ப்பது அக்காலத்தில் சகஜம். சொல் மாறும், சொல்லுக்குப் பின்னால் உள்ள கட்டளை எண் மாறாது, ஆகையால் வேலை கெடாது. ஆனால் சாளரத்தை மூடினால் மாற்றமும் மறைந்துவிடும். தங்கள் மெனுவைத் தாங்களே தீட்டிக்கொள்ளும் பெரிய நிரல்களிடம் இந்த வித்தை பலிப்பதும் இல்லை. நிலையாக மாற்ற விரும்பியவர்கள் நிரல் கோப்பையே திறந்து, அதன் களஞ்சியத்தில் உள்ள சொற்களைத் திருத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் ஆங்கஸ் ஜான்ஸன் செய்த ரிசோர்ஸ் ஹேக்கர் அதற்குப் பெயர் பெற்ற கருவி. இதிலும் இரண்டு தொல்லை. புதிய பதிப்பு வந்தால் செய்த வேலை முழுவதும் வீண். விற்பனை நிரலாயின் உரிமப் பத்திரம் அதைத் தடுத்தது. பிறருடைய வீட்டுக்குள் சொல்லாமல் புகுந்து சுவரில் எழுதுவது எவ்வளவு கெட்டிக்காரத்தனமானாலும் ஒரு பாஷைக்கு ஸ்திரமான வாசஸ்தலம் ஆகாது.

வாசஸ்தலத்தைக் கொடுத்தவர்கள் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார். க்னூ திட்டத்துக்காக உல்ரிச் டிரெப்பர் 1995-இல் ஆக்கிய கெட்டெக்ஸ்ட் என்னும் முறையில், நிரலில் வரும் ஆங்கில வாக்கியங்களெல்லாம் ஓர் ஏட்டில் வரிசையாகத் தொகுக்கப்படும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் இடம் காலியாக இருக்கும். அங்கே தமிழை நிரப்பினால் போதும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர்கூட உட்கார்ந்து செய்யத்தக்க வேலை. நிரப்பாமல் விட்ட இடத்தில் ஆங்கிலமே தெரியுமாகையால், பாதி வேலையும் பிரயோஜனப்படும். புதிய பதிப்பு வந்தாலும் பழைய மொழிபெயர்ப்புக்கள் தாமே இடம் கண்டு ஒட்டிக்கொள்ளும். கே.டி.ஈ., க்னோம் ஆகிய இரண்டு பெரும் திரைச் சூழல்களும் இந்த முறையையே கைக்கொண்டன.

தமிழ் இங்கே நுழைந்தது டொராண்டோவில் வாழ்ந்த விஞ்ஞானி வெங்கட்ரமணன் தூண்டிய தமிழ் லினக்ஸ் முயற்சியால். சென்னையிலும் யாழ்ப்பாணத்தாரிடையிலும் சிங்கப்பூரிலும் இருந்த தன்னார்வலர்கள் ஏடுகளைப் பங்கிட்டுக்கொண்டு, இரவில் விழித்திருந்து நிரப்பினார்கள். கே.டி.ஈ.க்கு ஆதாரமான க்யூ.டி. நூலகத்தில் டிஸ்கியைப் படிக்கும் பகுதியைச் சேர்த்தவர், தமிழரல்லாத நார்வே தேசத்து ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். பிறகு யூனிகோடு நிலைபெற்றது. 1991-இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கிய முறையைப் பற்றி மனஸ்தாபம் தீராதவர்கள் இன்றும் உண்டு, அது தனிக் கதை. இ-கலப்பை என்னும் தட்டெழுத்துக் கருவியைக் கொடுத்த முகுந்தராஜின் தமிழா குழுவினர் ஓப்பன் ஆபீஸ் தொகுப்பைத் தமிழாக்கினர். 2005 ஏப்ரலில், தயாநிதி மாறன் மத்திய அமைச்சராக இருந்தபோது, தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கிய குறுந்தட்டைச் சி-டாக் மூலம் சர்க்கார் சென்னையில் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. பணம் வாங்காமல் செய்த வேலை இத்தனை வேகமாகச் சர்க்கார் முத்திரை பெற்றது அபூர்வம்.

ஏடு காலியாக இருந்தது சரி. நிரப்பும் சொல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் பிரதேசத்தின் பழைய சரித்திரம் குறுக்கிடுகிறது. 1916-இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழில் சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டு, பத்திரிகையும் நடத்தினார்கள். திருநெல்வேலியில் 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால் இப்பணியை மேற்கொண்டு, 1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு நடத்தி, 1938-இல் கலைச்சொற்கள் என்னும் தொகுதியை வெளியிட்டது. ரசாயனமும் பௌதிகமும் தமிழில் கற்பிப்பது சாத்தியமா என்று பண்டிதர்களே சந்தேகித்த காலம் அது. அதே சமயம் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி., 1954-இல் மறையும் வரையில், வாயில் வழங்கும் சொல்லுக்கே உயிர் உண்டு என்று தம்மை நாடி வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய விருந்தினராகக் குற்றாலத்தில் தங்கியவர்களில் இராஜாஜியும் ஒருவர். திருநெல்வேலியின் அகராதி மனமும் குற்றாலத்தின் காது மனமும் ஒரு ரயில் தூரத்தில் இருந்தன. ஒன்றோடொன்று முழுதும் இசையவில்லை. மெனுவைத் தமிழாக்கியவர்களுக்கு இரண்டும் ஏககாலத்தில் வேண்டியிருந்தன.

ஏனெனில் மெனு என்பது பாடப் புத்தகம் அன்று. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் கட்டளைக்குத் தமிழில் பன்னிரண்டு எழுத்து ஆனால், பொத்தானின் விளிம்பில் சொல் அறுபட்டுப் பாதி மட்டும் தெரியும். சேமி என்பதா, சேமிக்கவும் என்பதா என்று நீண்ட விவாதம் நடந்தது. சர்க்கார் பலகைகளில் மரியாதையாக எழுதிப் பழகியவர்களுக்கு முன்னது துடுக்காய்ப் பட்டது. ஆனால் அந்தச் சொல் யந்திரம் மனிதனுக்கு இடும் உத்தரவு அன்று, மனிதன் யந்திரத்துக்கு இடுவது. வேலைக்காரனாகிய யந்திரத்துக்கு மரியாதைப் பன்மை எதற்கு? சேமி வென்றது, நியாயமாகவே. இதைவிடக் கஷ்டமானது வேற்றுமை உருபு. ‘இன்னதை நீக்கவா?’ என்று கேட்கும் வாக்கியத்தில், இன்னது என்னும் இடத்தில் ஓடும் நேரத்தில்தான் ஒரு கோப்பின் பெயர் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் பெயர் எதுவானாலும் வாக்கியம் கெடாது. தமிழிலோ பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தல்லவா ஐகாரம் சேர வேண்டும்? வழியின்றி, பெயருக்குப் பின் ஒரு சிறு கோடு போட்டு ஐ என்று தனியே ஒட்டவைத்தார்கள். இலக்கணம் அறிந்தவர் கண்ணை உறுத்தும் அந்தக் கோடு இன்றைக்கும் நம் திரைகளில் இருக்கிறது. மெனுச் சொல்லில் ஓர் எழுத்தின் அடியில் கோடிட்டு, அந்த விசையை அழுத்தினால் அக்கட்டளை நடக்கும் என்று காட்டும் ஆங்கிலச் சம்பிரதாயமும் தமிழில் நொண்டியது. கோ என்னும் எழுத்தை ஒரே விசையில் எப்படி அழுத்துவது? கோப்பு என்று எழுதிப் பக்கத்திலே எஃப் என்ற ஆங்கில எழுத்தைப் பிறைக்குறிக்குள் வைத்து அதற்குக் கோடிட்டுச் சமாளித்தார்கள். ஒரே கட்டளைக்குச் சென்னைக்காரர் ஒரு சொல்லும் யாழ்ப்பாணத்தார் வேறு சொல்லும் எழுத, ஒரே நிரலின் இரண்டு பட்டிகளில் இரண்டும் தலைகாட்டியதும் உண்டு. இவற்றையெல்லாம் குறை என்று எள்ளுபவர்கள், சேர்ந்து உட்கார்ந்து ஓர் ஏட்டையாவது நிரப்பிப் பார்த்தவர்கள் அல்லர்.

பிறர் நிரலின் சொல்லை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பகிரங்கமாகவும் உரிமையோடும் மாற்றும் வழி ஒன்று பிற்பாடு வந்தது. இந்தச் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் உகந்த பகுதி அதுவே. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பெயரளவில் தோன்றியபோது அதன் பட்டிகள் ஆங்கிலத்தில் இருந்தன. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும், அப்போது வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராய்ப் பணியாற்றியவருமான மயூரநாதன், அவ்வாண்டு நவம்பரில், கட்டுரை ஒன்றும் எழுதத் தொடங்குமுன் அந்த இடைமுகத்தின் சொற்களில் பெரும்பகுதியைத் தமிழாக்கிவிட்டார். வாசலைத் தமிழாக்கிய பிறகே உள்ளே ஜனங்கள் வந்தார்கள். அந்தக் கலைக்களஞ்சியத்தை நடத்தும் மீடியாவிக்கி நிரலில் ஒவ்வொரு மெனுச் சொல்லும் ஒரு பக்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகி ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து திருத்தினால், நிரலை நிறுத்தாமலும் மறுபடி ஆக்காமலும், எல்லா வாசகர்களுக்கும் பட்டி மாறிவிடும். திருத்தம் பிடிக்காதவர் பேச்சுப் பக்கத்தில் வாதாடலாம். பழைய சொல் சரித்திரத்தில் பத்திரமாக இருக்கும். பின்லாந்தின் நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் தொடங்கிய டிரான்ஸ்லேட்விக்கி, இந்த வேலையை உலகப் பாஷைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான களரியாக்கியது.

பெரிய கம்பெனிகள் பின்னால் வந்தன. தமிழ் எழுத்தை முறையாகக் காட்டும் திறமை லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000-இல் வந்தது; எக்ஸ்.பி. காலத்தில் ஆங்கிலப் பதிப்பின் மேல் போர்த்திக்கொள்ளும் தமிழ் இடைமுகத் தொகுப்பும் கிடைத்தது. 2009-இல் பேஸ்புக், 2014-இல் ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பு என்று வரிசை நீண்டது. 2011 முதல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. தமிழ் மெனு அதற்குள்ளேயே காத்திருந்தது. தென்காசிப் பிள்ளைகளில் அதைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆசிரியர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். பரீட்சையும் உத்தியோகமும் ஆங்கில மெனுவில் நடக்கும்போது, தமிழ் மெனுவைப் பழகுவது ஒரு வீண் செலவாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் கைபேசி வந்த பிறகு, பள்ளிக்கூடமே போகாத பாட்டிமாரும் பீடி சுற்றும் பெண்களும் தமிழ்ப் பட்டியைத்தான் தொடுகிறார்கள். சொற்களைப் பற்றி அவர்களை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிச் சொற்கள் மாறியிருக்கும் என்பதே என் துணிபு, டி.கே.சி. இருந்திருந்தால் அவர்களைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

இன்று இலத்தூரிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள மத்தளம்பாறையில், 2011 முதல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. அரட்டை, உலா என்று தமிழ்ப் பெயர் பூண்ட நிரல்கள் அந்த நிறுவனத்திலிருந்து உலகுக்குச் செல்லுகின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள் நிரல் எழுதுகிறவர்களாகிவிட்டார்கள். பிறர் நிரலில் நம் சொல்லை நுழைக்கப் பாடுபட்ட தலைமுறைக்குப் பின், பிறருடைய சொல் நுழைவதற்கு நம் நிரலில் இடம் வைக்க வேண்டிய தலைமுறை வந்திருக்கிறது. எந்த நிறுவனத்தில் அமர்ந்து எழுதினாலும், இந்த இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம்: நீங்கள் ஆக்கும் நிரல்களில் சொற்களை உடம்புக்குள் தைக்காதீர்கள், தனி ஏட்டில் வையுங்கள். அந்த ஏட்டைப் பொதுஜனங்கள் பார்க்கவும் திருத்தவும் திறந்துவிடுங்கள். அதன் முதல் பிரதியை அகராதிப் புலவருக்கு அனுப்புவதற்கு முன், உங்கள் தெருவில் கைபேசியைத் தமிழில் வைத்திருக்கும் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள்.